விசை ஒட்டுதலும் இரட்டித்தலும் (லினக்ஸ்)

விரலை எடுத்த பிறகும் கீபோர்டின் ஒரு விசை அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்வது விசை ஒட்டுதல். ஒருமுறை தட்டிய விசை இரண்டு, மூன்று முறை பதிவாவது விசை இரட்டித்தல். இரண்டுக்கும் கீபோர்டின் பழுது மட்டுமே காரணமன்று. லினக்ஸின் உட்கருவான கெர்னல், திரையையும் உள்ளீட்டையும் கையாளும் திரைச் சேவை, மேசைச் சூழலின் அமைப்பு ஆகியவற்றாலும் இவை நேரும். லினக்ஸில் இந்த அடுக்குகளைத் தனித்தனியே சோதிக்க முடியும். ஆகவே, திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஜவ்வாது மலையில் லினக்ஸ்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இப்பகுதியின் ஒன்றியத் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் சேர்ந்த மாணவர்களுக்கான அத்திட்டத்தின் மடிக்கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. அந்த மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் கடைக்கு மலையிறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ போகவேண்டிய ஊர்களில், கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்பதை வீட்டிலேயே அறிவது பணத்தையும் ஒரு பகல் பொழுதையும் மிச்சப்படுத்தும்.

இயங்கும் விதம்

ஒவ்வொரு தட்டலுக்கும் கீபோர்டு இரண்டு செய்திகளை அனுப்புகிறது: ஒன்று அழுத்தியதற்கு, மற்றொன்று விட்டதற்கு. ‘விட்டது’ என்ற செய்தி வரும்வரை எழுத்து திரும்பத் திரும்ப விழும். இதற்கான கெர்னலின் பொது அளவு, முதலில் 250 மில்லிநொடி காத்திருப்பு, பிறகு 33 மில்லிநொடிக்கு ஒரு எழுத்து. எக்ஸ் திரைச் சேவையின் இயல்பு அளவு 660 மில்லிநொடி காத்திருப்பும் நொடிக்கு 25 எழுத்தும் ஆகும்.

வேலேண்ட் என்ற மற்றொரு திரை முறையில் இந்த வேகத்தைத் திரைச் சேவை அறிவிக்கும். எழுத்தைத் திரும்ப விழச் செய்வது அந்தந்தச் செயலியின் வேலை. நினைவகம் குறைந்த கணினியில் திரைச் சேவை திணறினால் ‘விட்டது’ என்ற செய்தி தாமதமாகும். அதுவரை செயலி எழுத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இதில் கீபோர்டின் மேல் குற்றமே இல்லை.

காரணங்கள்

எப்போதும் ஒரே விசை தகராறு செய்தால் தூசி, கொட்டிய தேநீர், தேய்ந்த ரப்பர், விசையின் அடியில் உள்ள தொடுமுனையின் அதிர்வு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மடிக்கணினியில் பேட்டரி உப்பிக் கீபோர்டை அடியிலிருந்து தள்ளுவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் கணினியை உடனே நிறுத்திவிட வேண்டும். அது தீ விபத்துக்கு வழிவகுக்கலாம்.

கணினி திணறும் வேளையில் மட்டும் எந்த விசை வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் அது மென்பொருள் சார்ந்தது. ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகள் மட்டும் ஒட்டினால், ஒருமுறை தட்டிய அவ்விசைகளை அழுத்தியபடியே வைத்திருக்கும் ஸ்டிக்கி கீஸ் வசதி இயங்கியிருக்கலாம். அதற்கான விசைக் குறுக்குவழி செயலில் இருந்தால் ஷிப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதுமே அது இயங்கிவிடும். ஒலி, வெளிச்சம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் விசை ஒட்டினால், சில மடிக்கணினிகள் அவ்விசைகளுக்கு ‘விட்டது’ செய்தியையே அனுப்புவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கண்டறியும் வரிசை

1. கணினி எழும்போது தோன்றும் க்ரப் பட்டியலிலேயே தேர்வு தானாக நகர்ந்தால், லினக்ஸ் இன்னும் தொடங்கவில்லை, பழுது வன்பொருளில்.

2. வேறொரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பார்க்க வேண்டும். அதிலும் அதே சிக்கல் வந்தால் பழைய கீபோர்டு குற்றமற்றது.

3. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குச் செல்ல வேண்டும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் மேசைச் சூழலில்தான் கோளாறு.

4. ஈவிடெஸ்ட் என்ற கருவியை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். அதில் 1 என்றால் அழுத்தம், 0 என்றால் விடுதல், 2 என்றால் தானாகத் திரும்ப விழுதல். ஒரே தட்டலுக்கு 1, 0, 1, 0 எனச் சில மில்லிநொடிகளுக்குள் வந்தால் தொடுமுனை அதிர்கிறது. விரலை எடுத்த பிறகும் 1-க்குப் பின் 0 வராமல் 2 மட்டுமே தொடர்ந்தால் விசை ஒட்டியிருக்கிறது.

தீர்வுகள்

மின்னிணைப்பை நீக்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, தூசியை ஊதி அகற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். மீளாத விசையை, லினக்ஸின் சாதன நிர்வாகியான யூடெவின் வன்பொருள் அட்டவணையில் ‘ரிசர்வ்டு’ எனக் குறித்தால் கணினி அதைப் பொருட்படுத்தாது. வேறு கீபோர்டு வரும்வரை வேலை நடக்கும். விடுதல் செய்தி அனுப்பாத விசைக்கு அதே அட்டவணையில் விசைப் பெயரின் முன் ஆச்சரியக்குறி இட்டால், கெர்னலே அச்செய்தியைச் சேர்த்துக்கொள்ளும்.

இரட்டிக்கும் விசைக்கு, அணுகல் அமைப்புகளில் உள்ள பவுன்ஸ் கீஸ் உதவும். குறித்த நேரத்துக்குள் அதே விசை மீண்டும் வந்தால் அதைத் தள்ளிவிடும்.

தமிழ் தட்டச்சில்

சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டை ஒட்டி 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், ஒரே மெய்யின் விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழும். விசை இரட்டித்தால் ‘மலை’ ‘மல்லை’ ஆகும். ‘படி’ ‘பட்டி’ ஆகும். ‘அவை’ ‘அவ்வை’ ஆகும். எல்லாமே உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்காது. ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டுவோருக்கு ஏ விசை இரட்டித்து ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும்.

இங்கே பவுன்ஸ் கீஸின் நேரத்தை அளந்து வைக்க வேண்டும். க்னோம் மேசைச் சூழலின் இயல்பு அளவான 300 மில்லிநொடியை அப்படியே விட்டால், வேகமாகத் தட்டும் ‘க்க’, ‘ட்ட’ ஆகியவற்றையும் அது விழுங்கும். 40 மில்லிநொடி அளவில் வைத்தால் அதிர்வு நீங்கும், வேண்டுமென்றே தட்டிய இரட்டை நிற்கும்.

பள்ளி ஆசிரியர்கள் மனத்தில் இருத்தவேண்டியது ஒன்று. தட்டச்சில் ஒரே மெய் மட்டும் அடிக்கடி இரட்டித்து வந்தால், மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன் அந்த விசையை ஈவிடெஸ்டில் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.