பக்கம் புரட்டும் நேரம்



கலைந்து கிடக்கும் விடைத்தாள்களைப் பார்த்து மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றினால், எழுதுவதைவிடப் பக்கம் புரட்டவே நேரம் போகும். தாள்களை வரிசை எண்படி அடுக்கிவிட்டால் ஒரே மூச்சில் முடியும். தரவுத்தளங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தப் பாடம்தான்.

ஆரம்பத்தில் காந்த நாடா. நடுவில் உள்ள கணக்கைப் பார்க்க, நாடாவை அதுவரை ஓட்ட வேண்டும். 1956இல் ஐபிஎம் நிறுவனம் ரேமாக் என்ற இயந்திரத்தில் வட்டைக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துகள். ஆனால் வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம்.

அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க 4. படிக்கும் தலை நகர ஏறக்குறைய 8. மொத்தம் 12. ஆக, விநாடிக்கு 80 இடங்களுக்கு மேல் தொட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் 4 கிலோபைட் எடுத்தால், விநாடிக்கு 320 கிலோபைட்தான். அதே வட்டில் தொடர்ச்சியாகப் படித்தால் 100 மெகாபைட்டைத் தாண்டும். முந்நூறு மடங்கு வித்தியாசம்!

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்குசிக்கும் நண்பர்களும் இதைக் கவனித்து, 1984இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பழைய யூனிக்ஸில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறியதால், வட்டின் வேகத்தில் சில சதவீதமே பயன்பட்டது. துண்டுகளைப் பெரிதாக்கி அருகருகே வைத்ததும் 47 சதவீதம் வரை ஏறியது. வட்டு அதேதான், அடுக்கியவிதம்தான் மாறியது.

எழுதுவதில் சிக்கல் அதிகம். பணம் கட்டிய விவரம் பதிவாகும்போது மின்சாரம் போனால்? 1970களில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் ஜிம் கிரே போன்றோர் செய்து காட்டிய வழி இது: மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டின் கடைசியில் வரிசையாக எழுதி வட்டில் சேர், பிறகே 'முடிந்தது' என்று சொல். உரிய பக்கத்தைச் சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம். இயந்திரம் நின்றுபோனால் குறிப்பேட்டைப் பார்த்து மீட்கலாம். பாதுகாப்பும் வேகமும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. கிரேக்கு 1998இல் டூரிங் விருது வந்தது. 2007 ஜனவரியில் தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை.

1996இல் பேட்ரிக் ஓ'நீலும் மற்றவர்களும் எல்எஸ்எம் மரம் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். வருவதையெல்லாம் நினைவகத்தில் சேர்த்து, அடுக்கி, மொத்தமாக எழுதுவது. பிறகு அடுக்குகளை ஒன்றிணைப்பது. நம் விடைத்தாள் வழிதான்! கசாண்ட்ரா, ராக்ஸ்டிபி எல்லாம் இவ்வழியே. படிக்கும்போது பல அடுக்குகளில் தேட நேரலாம் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை.

இப்போது எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை. ஆனாலும் அது பெரிய தொகுதிகளாகத்தான் அழிக்கும்; சிதறி எழுதினால் அங்கும் கூடுதல் வேலைதான்.

மென்பொருள் துறையிலிருக்கும் பிள்ளைகளே, வேகம் போதவில்லை என்றால் புது இயந்திரம் கேட்பதற்கு முன் எழுதும் வரிசையைப் பாருங்கள். பலருடைய மாற்றங்களைச் சேர்த்து ஒரே தடவையில் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். ஆனால் வேகத்துக்காக, குறிப்பேடு வட்டில் சேருமுன் 'முடிந்தது' என்று மட்டும் சொல்ல வைக்காதீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கவுன்டரில் பணம் கட்டியவர் வீட்டுக்குப் போகிறார்.