குழாயின் மறுகோடி

மெக்கானிக்கல் படித்தவனுக்குக் குடலைப் பற்றி எழுத என்ன வேலை என்று நம் பேட்ச் நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். குடலும் குழாய்தானே! ஐந்தடிக் குழாயில் இரண்டடி மட்டும் பார்த்துவிட்டு "லைன் ஓகே" என்று நம்மில் யாராவது கையெழுத்துப் போடுவோமா? மருத்துவத்தில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. பெருங்குடலின் மேல்பகுதிக்குப் போய்ப் பார்க்கக் கருவி இல்லை, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

வழி திறந்தது கண்ணாடி இழை. 1954-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியாகப் பிம்பத்தைக் கடத்திக் காட்டினார்கள். ஆனால் இழைகள் ஒன்றையொன்று தொட்டால் ஒளி கசிந்தது. அதற்கு வைத்தியம் கண்டவர் யார் தெரியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி கர்ட்டிஸ் என்ற மாணவர்! ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணாடிக் கோலைச் செருகி, சேர்த்து உருக்கி இழுத்தார், 1956 டிசம்பரில். (இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) அந்த இழையால் ஆன கருவியை டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் தாமே விழுங்கிப் பார்த்தார்.

அது இரைப்பைக்கு. பெருங்குடலுக்கு இன்னும் நீளமான கருவி வந்து, 1969-இல் நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் உல்ஃப், ஷின்யா இருவரும் அதன் வழியே கம்பிச் சுருக்கை அனுப்பி, மின்சாரத்தால் பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல்! பாலிப் என்பது உட்சுவரில் முளைக்கும் சதைமொட்டு. எல்லாம் புற்றுநோயாவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் பல ஆண்டுகள் எடுத்துக் கிளம்புகின்றன.

கருவி வந்த பிறகும் பாதிக் குழாயோடு நிறுத்தும் பழக்கம் போகவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு 1984-இல் ஒரு சின்னப் பாலிப் தென்பட்டது. முழுக்குடலையும் அப்போது பார்க்கவில்லை. 1985 ஜூலை 12-ஆம் தேதி கடைசிவரை போய்ப் பார்த்தபோதுதான், மறுகோடியில், பெருங்குடல் தொடங்கும் இடத்திலேயே, பெரிய கட்டி! மறுநாள் ஆபரேஷன். இரண்டடிக் குடலை வெட்டி எடுத்தார்கள். உள்ளே புற்றுநோய் இருந்தது. நல்லவேளை, பரவவில்லை. 93 வயது வரை இருந்துவிட்டு 2004-இல்தான் காலமானார்.

2000-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கையே போட்டுக் காட்டியது. மேல்பகுதியில் முற்றிய வளர்ச்சி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கீழ்ப்பகுதியில் பாலிப்பே இல்லை. அதாவது, இரண்டடியோடு நிறுத்தியிருந்தால் அவர்களுக்கும் "லைன் ஓகே"தான்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று 2021 முதல் அமெரிக்காவில் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் இன்னும் முன்னதாக. நம் பேட்ச்சுக்கு நாற்பது நெருங்குகிறது. மலத்தில் ரத்தம் பட்டால் மூலம்தான் என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். என் அப்பா போன வருஷம் முழுசாகச் செய்துகொண்டார். முதல்நாள் குடிக்கிற பேதி மருந்துதான்டா கொடுமை, மத்ததெல்லாம் தூக்கத்துலயே முடிஞ்சுபோச்சு என்கிறார்.