ஆடுகளத் தலைக்காயமும் அதனை இனங்காணலும்: கான்ட்ராக்டர் முதல் ஜடேஜா வரை

தலையில் அடிபட்ட வீரர் எழுந்து நின்றுவிட்டால் ஆட்டம் தொடரும் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. மயிலாப்பூர் மாடவீதிகளையொட்டிய சந்துகளில் மட்டை பிடித்து வளர்ந்தோர்க்கு அது புதிதன்று. முகத்தில் தண்ணீர் தெளிப்பர். விரல்களைக் காட்டி எத்தனை என்பர். சரியாகச் சொன்னால் அடுத்த பந்து வீசப்படும். தலைக்காயத்திற்கு மருத்துவம் செய்யும் திறன் தமிழகத்தில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, ஆடுகளத்தில் அதனை இனங்காணும் விதி உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1962 மார்ச்சில் பார்படோசில் நடந்த சுற்றுப்பயண ஆட்டத்தில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கி மண்டையோட்டை உடைத்தது. தலைக்கவசம் வழக்கத்திற்கு வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. உடனடி அறுவை செய்யப்பட்டது. எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் குருதி அளித்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர் தலையில் உலோகத் தகடு பொருத்தினார். நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் அங்குத் தொடங்கியவர் சாண்டியே. அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கிய பி. இராமமூர்த்தி, தலைக்காய மருத்துவத்தில் பெயர்பெற்ற ரோபாதமிடம் நியூகாசிலில் பயின்றவர். கான்ட்ராக்டர் மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார்; டெஸ்ட் வாய்ப்பு மட்டும் கிட்டவில்லை. அத்தகடு 2022இல்தான் அகற்றப்பட்டது.

கான்ட்ராக்டரின் காயம் எவர் கண்ணுக்கும் புலப்பட்டது. இடர் தருவது புலப்படாத காயமே. 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்ற ராமன் லாம்பாவின் தலையில் பந்து பட்டது. அவர் தாமே நடந்து களத்தைவிட்டு வெளியேறினார். பின்னர் மூளையில் குருதிக் கசிவால் நினைவிழந்தார். மூன்றாம் நாள் இறந்தார். அடிக்கும் நினைவிழப்புக்கும் இடையே தெளிவான பொழுதொன்று அமையக்கூடும் என்பதை நரம்பியலார் அன்றே நன்கு அறிந்திருந்தனர்.

மூளையதிர்ச்சி எனப்படும் கன்கஷன் இன்னும் நுட்பமானது. எலும்பு முறிவதில்லை, ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை, நினைவிழப்பும் கட்டாயமன்று. தலைச்சுற்றல், குமட்டல், மந்தம், மறதி ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அடிபட்டவரின் தீர்ப்பே குலைந்திருக்கும் நிலையில் ‘ஆட முடியுமா?’ என்று அவரையே கேட்பது முறையாகாது. ஈண்டு வர்ம மரபு ஒப்புநோக்கத்தக்கது. அது கூறும் 108 வர்மங்களுள் 25 தலை, கழுத்துப் பகுதியைச் சார்ந்தவை. ஒவ்வொன்றும் தாக்குண்டால் தோன்றும் குறிகுணங்களை வர்ம நூல்கள் பதிவு செய்கின்றன. அவற்றைக் கண்டு முடிவு செய்பவர் ஆசான், அடிபட்டவர் அல்லர். வர்ம நூலார் நவீன நரம்பியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று இதனை நீட்டிப் பொருள்கொள்வது மிகையாகும்.

2014 நவம்பரில் பந்து தாக்கி ஃபிலிப் ஹியூஸ் இறந்தபின் கிரிக்கெட் உலகம் அசைந்தது. மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கும் விதி 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஐயமிருப்பின் அன்று மீண்டும் ஆடக்கூடாது; ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியாகவே திரும்பவேண்டும் என்பது இன்றைய மருத்துவ ஒருமித்த கருத்து.

எனினும் 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில், கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து தலைக்கவசத்தில் பட்டபின்னும் இரவீந்திர ஜடேஜா தொடர்ந்து ஆடினார். களத்தில் அவரை எவரும் பரிசோதிக்கவில்லை. தலைச்சுற்றல் ஓய்வறையிலேயே தெரியவந்தது. மாற்றாக வந்த சாஹல் மூன்று விக்கெட் வீழ்த்தி ஆட்டநாயகனாக, ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் ஆட்ட நடுவரிடம் வாதிட்டார். மாற்று வீரர் முறைதானா என்பதைச் சுற்றியே விவாதம் எழுந்தது. அடிபட்ட அக்கணத்தில் மருத்துவர் ஏன் களத்திற்குள் வரவில்லை என்ற வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது.