சுவிசேஷக் கட்டளையும் சைவர் கடமையும்

ஒரு சமயத்தார் தம் கொள்கையைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் அவரவர் விருப்பின்பாற்பட்டதோ, அன்றி நீக்கலாகாக் கடமையோ என்னும் வினா சமயநூல் ஆராய்வார்க்கு இன்றியமையாததொன்றாம். கிறிஸ்தவர் அதனைக் கடமையென்றே கொள்வர். அவர்தம் வேதத்துள் மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இறுதியாகிய 28 ஆம் அதிகாரத்திலே, உயிர்த்தெழுந்த இயேசுநாதர் கலிலேயா நாட்டு மலையொன்றில் மாணாக்கர் பதினொருவரை நோக்கி, எல்லா இனத்தாரையும் தமக்குச் சீடராக்கி, ஞானஸ்நானம் அளித்து, தாம் விதித்தவற்றைக் கற்பிக்குமாறு ஏவினார் என்பது காணப்படும். சுவிசேஷம் என்னுஞ் சொற்கு நற்செய்தி என்பது பொருள். நற்செய்தியை அறிந்தான் ஒருவன் அறியாதானுக்கு அதனைச் சொல்லாது அடக்கிக்கொள்ளுதல் அன்பின்மையாம் என்பது அவர் கருத்து. இக்கட்டளை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் செயற்பட்ட வரலாற்றையும், அதனால் சைவர் எய்திய விழிப்பையும், நம் சித்தாந்தம் இதுபற்றிக் கூறத்தக்கது யாதென்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

கத்தோலிக்க சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சேவியர் 1542 இல் முத்துக்குளிக்குங் கடற்கரைக்கு வந்தார். இராபர்ட் தெ நொபிலி 1606 இல் மதுரையை அடைந்து, துறவியர் கோலம் பூண்டு தமிழும் வடமொழியும் பயின்றார். சீர்திருத்தச் சபையார் இப்பணியிற் பின்னரே புகுந்தனர். அவருட் பலர், அக்கட்டளை முதல் மாணாக்கரோடு நிறைவெய்தியது என்று கருதி வாளாவிருந்தனர். செருப்புத் தைக்குந் தொழில் செய்து வாழ்ந்த வில்லியம் கேரி என்னும் ஆங்கிலேயர் 1792 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு, அஃது எக்காலத்துக் கிறிஸ்தவர்க்கும் உரியதே என்று நாட்டினார்; மறுவாண்டே தாமும் வங்கநாட்டிற்கு வந்துசேர்ந்தார். ஆயினும், கேரிக்கு எண்பதாண்டுக்கு மேற்பட முன்னரே அக்கட்டளையைத் தலைமேற்கொண்டு தமிழ்நாட்டிற்கு வந்தார் ஒருவர் உளர். அவர் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர்.

சீகன்பால்கு டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்று, 1706 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தரங்கம்பாடி காரைக்காலுக்கு அணித்தாயது. திருவாலங்காட்டிலே ஆடல்வல்லானது திருவடிக்கீழ் என்றும் இருக்கப்பெற்ற காரைக்காலம்மையார் பிறந்த ஊர்ப்பக்கத்திலேயே, வேறொரு சமயத்தின் தூதர் வந்து தமிழெழுத்துப் பயின்றார் என்பது நினைக்கத்தக்கது. அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்தார். அஃது 1715 இல் அச்சாகி முடிந்தது. நம்மவர்பால் வினாக்கள் விடுத்து, அவர் எழுதிய விடைகளை மொழிபெயர்த்துத் தம் நாட்டிற்கு அனுப்பினார். 1713 இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வமிசாவளியை விளக்கி ஒரு பெருநூலும் யாத்தார். ஆனால், ஜெர்மனியில் ஹாலே நகரத்து மேலோர் அந்நூலை அச்சிட ஒருப்பட்டிலர். புறச்சமயத்தைக் களையப் போனவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது அவர் கொள்கை. நூலாசிரியர் 1719 இல் மறைந்தார். நூல் 1867 இற்றான் சென்னையில் வெளிப்பட்டது. கேட்டறிய வேண்டும் என்னும் வேட்கையும், மாற்ற வேண்டும் என்னும் ஏவலும் ஒருவர் நெஞ்சிலேயே ஒருங்கு நின்றமையை இதனால் அறிகின்றோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் வாணிகத்திற்கு இடையூறாகுமென்று நெடுங்காலம் பாதிரிமாரை விலக்கியே வந்தனர். 1813 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அவர்க்கு வழி திறந்தது. ஈழத்தில் அமெரிக்க மிஷனார் 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச்சாலை நிறுவினர். அங்கே வானநூலும் கணக்கும் ஆங்கிலமும் தமிழும் செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. எனினும், அக்கல்வி கற்றோர் உத்தியோகம் நாடினரேயன்றிச் சுவிசேஷப் பணிக்குப் போதுமான அளவில் வாராமை கண்டு, அமெரிக்காவிலிருந்த தலைவர் 1855 இல் அதனை மூடுவித்தனர். அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களோ சைவராய் நின்று, 1887 இற் கலித்தொகையையும் பிற பழந்தமிழ் நூல்களையும் அச்சேற்றினார்கள். விதைத்தவர் கருதிய பயன் வேறு; விளைந்த பயன் வேறு.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரிடம் கல்வி பயின்று, அவர் பாடசாலையிலேயே ஆசிரியராயும் இருந்தவர் நல்லூர் ஆறுமுகம் பிள்ளை அவர்கள். பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் புதிதாகப் பெயர்த்தபோது இவர்களே துணைநின்றார்கள். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. திருநீறு அணிந்த சைவர் ஒருவர் பிற சமய வேதத்திற்குத் தமிழ் திருத்தியது பலர்க்கு வியப்பாயிருக்கலாம். அப்பயிற்சியே பின்னர்ச் சைவத்திற்குப் பெருந்துணையாயிற்று. 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர்களது முதற்பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது. 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டிலேயே பாதிரியாரிடத்துப் பெற்ற வேலையையும் துறந்தார்கள். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். அக்காலத்திற் சென்னையில் வாங்கிய அச்சியந்திரமும் யாழ்ப்பாணம் சென்றது. இந்நாட்டவர் தடையின்றி அச்சுக்கூடம் நடாத்தலாம் என்னும் உரிமை 1835 இற் பிறந்தமையால் இது கைகூடிற்று என்க.

வாரந்தோறும் பிரசங்கம், சிறுவர்க்கு வரிசைப்படுத்திய பாடநூல், வினாவிடை, எளிய வசனநடை, சிறு துண்டுப்பிரசுரம் ஆகிய இவை பாதிரிமார் கையாண்ட கருவிகள். நாவலரவர்கள் அவற்றை எடுத்துச் சைவத்திற்கு ஆக்கினார்கள். பாலபாடமும், சைவ வினாவிடையும், பெரியபுராண வசனமும் அவ்வாறு எழுந்தனவே. 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலே, நம் கோயில் வழிபாட்டை இகழ்ந்தோர்க்கு அவர் வேதங்கொண்டே விடையிறுத்தார்கள். யூதரது தேவாலயத்திலும் தூபமும் தீபமும் நிவேதனமும் புனித நீரும் விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டி, தம் வேதத்துள் இறைவன் கட்டளையாக ஏற்றதனை நம் ஆகமத்துள் மூடமென்று இகழ்தல் யாங்ஙனம் பொருந்தும் என்று வினாவினார்கள். பிறர் நூலைப் பழுதறக் கற்ற பின்னரே மறுத்தல் மெய்கண்ட சந்தானத்து மரபு. அருணந்திசிவனார் சிவஞானசித்தியார் பரபக்கத்துள் பதினான்கு மதங்களை அவ்வம்மதத்தார் கூறுமாறே கூறிப் பின் மறுத்தமை காண்க.

இனி, சைவரைத் திருத்த வந்தோருட் சிலர் சைவ நூலின் சுவை கண்டு நின்றமையும் மறைக்கற்பாலதன்று. வட்டுக்கோட்டையில் தலைவராயிருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854 இல் வெளியிட்டார். ஜி. யு. போப் 1900 இல் திருவாசக மொழிபெயர்ப்பை நிறைவேற்றினார். கற்பிக்கச் சென்றவன் கற்கவும் நேரும் என்பதற்கு இவர்கள் சான்று.

இவ்வளவுங் கூறியபின், நம் சித்தாந்தத்தின்கண் அத்தகைய கட்டளை உண்டோ என்பது ஆராயத்தக்கது. உயிர்கள் அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டன. அம்மலம் பரிபாகமுற்று, இருவினையொப்பு வாய்த்தவழிச் சத்திநிபாதம் நிகழும். அப்போது இறைவன் தானே குருவடிவாய் எழுந்தருளி ஆட்கொள்ளுவன். ஆகவே, உயிரைத் தேடிச் செல்பவன் இறைவனேயாவன். பிற தெய்வத்தை வழிபடுவார்க்கும் அத்தெய்வமாய் நின்று பயனளிப்பவன் அவனே என்பது சித்தியார் துணிபு. எல்லா இனத்தாரையும் ஒரு காலத்தே ஒரு நெறிக்கண் நிறுத்துக என்னும் ஏவல் நமக்கு இல்லாமைக்குக் காரணம் இதுவே. புறச்சமயங்களும் படிமுறையில் வைத்தெண்ணப்படுவனவன்றி, முற்றும் அழிக்கப்படுவனவல்ல.

எனினும், பரிபாகத்தைப் பேசி வாளாவிருத்தற்கு இக்கொள்கை இடந்தருவதன்று. திலகவதியார் தம்பியார் சமணஞ் சார்ந்தபோது அவர் மடத்தை நாடிச் சென்று வாதிட்டிலர். திருவதிகையிற் பெருமானைக் குறையிரந்தார். சூலைநோயால் வருந்தித் தம்பால் வந்தவர்க்குத் திருநீறு அளித்துத் திருக்கோயிலுட் கொண்டு புக்கார். திருஞானசம்பந்தர் மதுரைக்குச் சென்றது மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பினால். ஆகமப் பொருளைத் தமிழில் உரைத்த திருமூலர், தாம் எய்திய நலம் உலகத்தார்க்கும் ஆகுக என்று கருதினார். இவர்கள் வரலாற்றில் இரக்கமும் அழைப்பும் முன்னிற்கக் காண்கின்றோம். அழைப்பு எழுந்தவழிச் செவிசாய்த்துச் செல்லுதல் நம் முன்னோர் நெறி. அழைப்பு எழுந்தும் நாம் சென்றோமா என்பதே வினா.

நம் பக்கத்து வரலாற்றை நோக்குக. திருவாலங்காட்டையடுத்த திருத்தணிப் பகுதி முன்னர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1911 இற் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்து, 1960 இல் சென்னை இராச்சியத்திற்கு மீண்டது. அவ்வட ஆர்க்காட்டிலே 1853 இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆர்க்காட்டு மிஷன் தொடங்கியது. தொடங்கியவர், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மருத்துவராயிருந்த ஜான் ஸ்கடர் என்பாரின் மைந்தர். அவர் பேர்த்தி ஐடா ஸ்கடர் வேலூரில் 1918 இல் மகளிர்க்கு மருத்துவக் கல்விச்சாலை நிறுவினார். அதுவே இன்று பெருங்கல்லூரியாய், எச்சமயத்தார்க்கும் மருந்தளித்து நிற்கின்றது. அம்மிஷனிற் சேர்ந்தோரிற் பெரும்பாலார், ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டுக் கிடந்த குலத்தார். அவர்க்குப் பள்ளி இல்லை. கோயில் வாயில் இல்லை. பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை. பாதிரிமார் அச்சேரிகளுட் புகுந்து, இருந்து, எழுத்தறிவித்தனர். கூழுக்கும் கூலிக்கும் மதம் மாறினர் என்று நம்மவர் இகழ்வதுண்டு. பசித்தோர்க்குக் கூழும், இழிந்தோர் எனப்பட்டார்க்கு மானமும் நாம் அளித்திருந்தால் அவ்விகழ்ச்சிக்கே இடமிராது. திருநாளைப்போவார் புராணத்தைக் கண்ணீர் மல்கப் படித்த நாம், அவர் குலத்தாரைக் கோயிலுள் விடச் சென்னை மாகாணத்தில் 1947 ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது. நாவலரவர்களும் வருணாசிரம ஒழுக்கத்தை விட்டுக்கொடாதவர்களே. அவர்கள் பாதிரிமாரிடமிருந்து அச்சியந்திரத்தையும் பிரசங்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சேரிக்குச் செல்லும் வழியை எடுத்துக்கொண்டிலர். அக்குறை அவர்க்கு மட்டும் உரியதன்று. அக்காலச் சைவ உலகம் முழுதிற்கும் உரியது.

நாடு விடுதலையுற்றபின் இதுபற்றிய வழக்கு அரசியல் சட்டத்துள்ளும் புகுந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, ஒருவன் தன் சமயத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமையளிக்கின்றது. பரப்புதலாவது கொள்கையை எடுத்துரைத்தலேயன்றிப் பிறனை மாற்றும் உரிமையன்று என்று உச்சநீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கிறிஸ்தவர்க்குப் போலவே சைவர்க்கும் உண்டு. பிறர் உரிமையைக் குறைக்க விழைவார் பலர். தம் உரிமையைக் கையாள்வார் சிலரே.

நாம் செய்யற்பாலன அரியவல்ல. பண்ணிசையைக் கோயில் மதிலுக்கு உள்ளே நிறுத்தாது தெருத்தோறும் சேரிதோறும் கொண்டுசெல்க. சமயதீக்கையை விரும்பி வருவார்க்குக் குலம் வினாவாது அளிக்குமாறு ஆதீனங்களை வேண்டுக. திருவாலங்காடு தெலுங்கு எல்லைக்கு அணித்தாகலின், அப்பக்கத்துச் சிறார்க்கு நாயன்மார் வரலாற்றை அவர் தாய்மொழியிலும் உரைக்க. பால்குரிக்கி சோமநாதர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தம் தெலுங்கு பசவபுராணத்துள் நம் அடியார் பலரைப் பாடியிருத்தலின், அஃது அவர்க்குப் புதியதாகாது. நாடெங்குஞ் சென்று ஓதுக என்று அம்மையாரை ஏவினார் ஒருவருமிலர். அவர் ஆலங்காட்டிலே ஆடல் கண்டு பாடினார். பின் வந்த சம்பந்தப்பிள்ளையார், அம்மையார் தலையால் நடந்த தலமென்று அவ்வூரைக் காலால் மிதிக்க அஞ்சி அயலூரிலே தங்கினார் என்பது பெரியபுராணம். சாதிபற்றி மதில் எழுப்பிய நாம், அத்தலத்தை அங்ஙனம் அஞ்சிப் போற்றினோமா என்பதனைச் சைவ நன்மக்கள் ஆராய்ந்து, ஆவன செய்வாராக.