வந்தவர்களும் போனவர்களும்: கரிசலில் ஒரு நாவல், மேடானில் ஒரு நாவல்

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி போகிற திசையில் மண் கறுக்கத் தொடங்குகிறது. குருவிகுளம், இளையரசனேந்தல் வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய முன்னோர் எதற்காக வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்பதை நாவலாக்கியவர் கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1972-இல், சிங்கம்புணரியில் பிறந்து சுமத்ராவின் மேடான் நகரத்து வட்டிக்கடையில் வேலை பார்த்துத் திரும்பிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வெளிவந்திருந்தது. ஒன்று தமிழ் மண்ணுக்கு வந்தவர்களின் கதை. மற்றது தமிழ் மண்ணை விட்டுப் போனவர்களின் கதை.

இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் அதிகம் இல்லை. கி.ரா.வை வட்டார இலக்கியம் என்ற அறையிலும் சிங்காரத்தைப் புலம்பெயர் இலக்கியம் என்ற அறையிலும் அமர்த்திவிடுகிறோம். பண்பாடுகள் ஒன்றோடொன்று உரசுகிற புனைவு என்று ஒரே தலைப்பின்கீழ் இவற்றைக் கொண்டுவந்தால்தான் இவற்றின் உறவு தெரிகிறது. எது பெரிய நாவல் என்று கேட்பது சங்கரன்கோவில் தலபுராணத்தில் நாகர்களான சங்கனும் பதுமனும் அரனா அரியா பெரியவர் என்று போட்ட வழக்கைப் போன்றது. இருவரும் ஒருவரே என்று அதற்கு அங்கே தீர்ப்பு சொல்லி வெகுகாலம் ஆகிவிட்டது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இரண்டு பயணங்களிலும் பணம் யாரிடம் இருந்தது, பெண் எங்கே இருந்தாள்?

முதலில் வெளிப்படையான வேற்றுமைகள். கோபல்ல கிராமத்துக்காரர்கள் கூட்டமாகத் தப்பி வந்தவர்கள். தெலுங்கு நாட்டில் துலுக்க ராஜா ஒருவன் தங்கள் பெண் சென்னாதேவியின்மீது கண்வைத்தான் என்பதற்காக, இரவோடு இரவாக வீடுவாசலை விட்டுப் புறப்பட்டவர்கள். சிங்காரத்தின் பாண்டியனும் அவன் நண்பர்களும் தனியாட்களாகக் கப்பல் ஏறியவர்கள். ஏறியதற்குக் காரணம் பிழைப்பு. முன்னவர்கள் காட்டுக்குத் தீயிட்டு அழித்து, கல் பொறுக்கி, நிலம் உண்டாக்கி அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பின்னவர்களுக்கு மேடானும் பினாங்கும் தங்கும் இடமல்ல, கணக்கு முடியும்வரை இருக்கும் இடம். முன்னதில் ஊர் கண்ணுக்கு முன்னால் கட்டி எழுப்பப்படுகிறது. பின்னதில் ஊர் நினைவில் மட்டுமே இருக்கிறது; மதுரைத் தெருக்கள் பாண்டியன் மனத்தில் ஓயாமல் வந்து போகின்றன.

இந்த எதிரெதிர் அமைப்புக்கு அடியில் முதல் ஒற்றுமை கிடக்கிறது. இரண்டு நாவல்களும் அரசு இல்லாத ஓர் இடைவெளியில் நடக்கின்றன. கோபல்ல கிராமம் அமையும்போது பழைய ஆட்சிகள் சரிந்துவிட்டன, கும்பினியின் கை இன்னும் அந்தக் காட்டுக்குள் எட்டவில்லை. வழக்கு வந்தால் ஊரின் தலைமைக் குடும்பமான கோட்டையார் வீட்டாரும் ஊர்ச்சபையும்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ‘புயலிலே ஒரு தோணி’ டச்சுக்காரன் போய் ஜப்பானியன் நுழைகிற 1942-இன் மேடானில் தொடங்குகிறது. கெர்க் ஸ்ட்ராட்டில் கூடிநிற்கும் கூட்டத்துக்கு, நேற்றைய சட்டம் செத்துவிட்டது என்பதும் நாளைய சட்டம் இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். அரசு விலகி நிற்கும் இந்த நேரத்தில்தான் மனிதர்கள் எதை நம்பிப் பொருளைச் சேர்க்கிறார்கள் என்பது வெளிப்படுகிறது.

கோபல்ல கிராமத்தில் பொருள் பெண்ணின் காதில் தொங்குகிறது. நாவலின் தொடக்கப் பகுதியில் ஒரு கர்ப்பிணி தனியாக நடந்து வருகிறாள். தாகத்துக்கு நீர்நிலையில் இறங்குகிறாள். அவள் காதுப் பாம்படத்துக்காக ஒருவன் அவளைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான். அவளோ சாகும்போது அவன் கால் பெருவிரலைப் பற்களால் கவ்விக்கொள்கிறாள். பிடி விடவில்லை, அவனால் நகர முடியவில்லை, ஊர் வந்து பிடிக்கிறது, கழுவேற்றுகிறது. தமிழ்ப் புனைவில் இத்தனை உக்கிரமான காட்சிகள் குறைவு. வீரத்துக்காகவும் கொடூரத்துக்காகவும் இதை நினைவில் வைத்திருக்கிறோம். பொருளியல் கண்ணோடு பார்த்தால், வங்கியோ பத்திரமோ இல்லாத நாட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு எங்கே வைக்கப்பட்டிருந்தது, அந்தச் சேமிப்பைச் சுமந்து நடப்பதன் ஆபத்தை யார் ஏற்றார்கள் என்பதும் அதே காட்சியில் இருக்கிறது. பொன் அவளுடையது என்று பேச்சு; ஆபத்து மட்டும் சந்தேகமில்லாமல் அவளுடையது.

சிங்காரத்தின் உலகில் பொருள் இரும்புப் பெட்டியிலும் பேரேட்டிலும் இருக்கிறது. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நிறைந்த கடை அது. அங்கே சமைப்பதும் ஆண், கணக்கெழுதுவதும் ஆண், வசூலுக்குப் போவதும் ஆண். பெண் வெளியே, விலைமகளிர் தெருவிலோ தாயகத்து நினைவிலோதான் தென்படுகிறாள். ஜப்பானியர் அச்சடித்துத் தள்ளிய நோட்டு மலாயாவில் 1945-இல் ஒரே நாளில் வெறுங்காகிதமானது. கரிசல் பெண்ணின் பாம்படத்தைத் திருடலாம், செல்லாக்காசு ஆக்க முடியாது. மேடான் கடையின் பணத்தைத் திருடுவது கடினம், ஆட்சி மாறினால் அது மறுநாளே செல்லாமல் போகலாம்.

இந்த இடத்தில் நாவல்களை விட்டுச் சற்று விலகி, ஆய்வாளர்கள் தோண்டியதையும் பார்க்க வேண்டும். இத்தகைய வட்டிக்கடைகளைக் கடல் கடந்து நடத்திய நகரத்தாரின் வணிகம் பற்றிய டேவிட் ரட்னரின் 1994-ஆம் ஆண்டு நூலும், நகரத்தார் பெண்களின் உறவுமுறை, சொத்துரிமை பற்றி யுகோ நிஷிமுரா 1998-இல் வெளியிட்ட நூலும் ஒரு செய்தியை அழுத்தமாக வைக்கின்றன. கடல் கடந்த கடைகளின் முதலில் பெண்களின் சீதனப் பணமும் இருந்தது. ஆச்சிமார் பணம் என்ற பெயரில் அது கடைக் கணக்கில் தனியாக வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறியது. மூன்றாண்டுக் கணக்குக்கு மனைவியை ஊரில் விட்டுவிட்டு ஆண் கப்பலேறினான். அவள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பெரிய வீட்டை நிர்வகித்துக்கொண்டிருந்தாள். அவள் பணம் ரங்கூனிலும் பினாங்கிலும் மேடானிலும் கடனாக நடமாடியது. அவள் கடலைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவள் காசு கடலைத் தாண்டியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு ‘புயலிலே ஒரு தோணி’க்குத் திரும்பினால், ஆண்கள் மட்டுமே நிறைந்த அந்தத் தெரு வேறு மாதிரி தோன்றுகிறது. அங்கே பெண் இல்லாமல் இல்லை. ஐந்தொகையில் ஒரு வரியாக இருக்கிறாள். சிங்காரம் அந்த வரியை எழுதவில்லை. அவர் வட்டிக்கடையின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர், ஆனால் அவருடைய பார்வை அடுத்தாளின் மேசையிலிருந்து புறப்படுவது. முதல் எங்கிருந்து வந்தது என்பது அந்த மேசைக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கி.ரா.வின் நாவலைப் பக்கத்தில் வைத்ததால்தான் இந்த மௌனம் கண்ணில் பட்டது என்பதே நான் சொல்ல வருவது. அங்கே பெண்ணின் பொன் கதையைத் தொடங்கி வைக்கிறது. இங்கே பெண்ணின் பொன் கதைக்கு வெளியே நின்று கடையை நடத்துகிறது.

சிங்காரத்தின் முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளைக்கு மரகதம் என்றொரு மகள். கடையில் வேலை பார்த்து, பிறகு நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்பிவந்த செல்லையாவுக்கு அவளைத் தர அவர் மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு பிடிக்காது என்பது அவர் கணக்கு. மகளின் கல்யாணம் கடையின் வாரிசு நியமனமாக மாறிவிடுகிறது. சென்னாதேவியோடு மரகதத்தை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு பெண்ணை ராஜாவுக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒரு குலமே நிலபுலன்களைத் துறக்கிறது. ஒரு தொழிலைத் துறக்க மனமில்லாமல் ஒரு தகப்பன் மகளின் விருப்பத்தைத் துறக்கிறான். இரண்டிலும் பெண்ணை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கதை சொல்லும் முறையிலும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. கோபல்லத்தின் பூர்வகதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு அம்மாள், 137 வயதுப் பூட்டி. ஆறு குறுக்கிட்டபோது மரம் வளைந்து வழிவிட்டது போன்ற அற்புதங்கள் அவள் வாயில் சாதாரணச் செய்திகளாக வருகின்றன. சிங்காரத்தின் நாவலிலும் பேச்சே பிரதானம்: தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் புயலுக்கு நடுவே வணிகர்களின் பேச்சு, பினாங்கில் குடித்துவிட்டுச் சங்க இலக்கியத்திலிருந்து சமகாலம்வரை எதையும் விட்டுவைக்காத இளைஞர்களின் பேச்சு. பூட்டி பழமையைக் காப்பாற்றுவதற்காகப் பேசுகிறாள். பினாங்கு இளைஞர்கள் பழம்பெருமையைக் கலைப்பதற்காகப் பேசுகிறார்கள். இருந்தாலும் வந்த இடத்தில் நாம் யார் என்ற கேள்விக்கு இருவருமே சொல்லால்தான் விடை தேடுகிறார்கள். கோபல்லத்தில் அந்தச் சொல் ஒரு கிழவியிடம் இருக்கிறது, மேடானிலும் பினாங்கிலும் ஆண்களிடம் இருக்கிறது. என் மதிப்பீட்டில் கி.ரா.வின் நாவல் தரும் அமைதிக்கும் சிங்காரத்தின் நாவல் தரும் அலைக்கழிப்புக்கும் பெரிய காரணம் இதுதான். ஊர் ஊன்றிவிட்டதற்குச் சாட்சியாக நான்கு தலைமுறைகளைக் கண்ட ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பாண்டியனுக்கு அப்படி யாரும் இல்லை. அவன் கடைசியில் இந்தோனேசிய விடுதலைப் போரில் சேர்ந்து, வேறொருவர் நாட்டின் மண்ணில் சுடப்பட்டு விழுகிறான்.

மொழி விஷயத்தில் இரண்டு ஆசிரியர்களும் ஒரே துணிச்சல் கொண்டவர்கள். துவான், தொங்கான் என்று மலாய்ச் சொற்களையும் டச்சுத் தெருப்பெயர்களையும் சிங்காரம் அடிக்குறிப்புக்குக் காத்திராமல் ஓடவிடுகிறார். கரிசல் பேச்சை அதன் தெலுங்கு வாடையோடு கி.ரா. அப்படியே வைக்கிறார், 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் பின்னாளில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக அமர்த்தியது. சிங்காரம் மதுரையில் நாளிதழ் வேலையோடு ஒதுங்கியே இருந்து 1997-இல் மறைந்தார். அவருடைய நாவலின் உயரம் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது தாமதமாகத்தான்.

பாம்படமும் ஆச்சிமார் பணமும் பழங்கதை என்று தோன்றலாம். சங்கரன்கோவில் கடைவீதியில் நகை அடகுப் பலகைகளை எண்ணத் தொடங்கினால் அந்த எண்ணம் மாறும். 2021-இல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, கிராமக் கடனின் ஈடு எதுவென்று அரசே ஒப்புக்கொண்டது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெண்ணின் பெயரிலேயே கணக்குப் புத்தகத்தைத் திறந்தன. சங்கன் கண்ட அரனும் பதுமன் கண்ட அரியும் ஒரே உருவில் நிற்கும் ஊரில் விசைத்தறி வீடுகளுக்கும் அந்தப் புத்தகம் போயிருக்கிறது. இசபெல் கெராங், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீண்டகாலம் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட நூல், குடும்பக் கடனை வாங்குவதும் அடைப்பதும் இன்று எவ்வளவு தூரம் பெண்ணின் வேலையாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. பொன் அவள் உடம்பில் இருந்த காலத்தில் ஆபத்து அவளுடையதாக இருந்தது. கடன் அவள் பெயரில் இருக்கும் காலத்தில் வாரத் தவணை கேட்டு வருகிறவர் அவள் வாசலில்தான் நிற்கிறார்.

ஒப்பீட்டுக்கு அடங்காத ஒன்றும் மிஞ்சுகிறது. சிங்காரம் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டார்; பாண்டியனுக்குப் பிறகு மேடான் தமிழர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் எழுதவில்லை. கி.ரா. நிறுத்தவில்லை. ‘கோபல்லபுரத்து மக்கள்’ எழுதி 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், பிறகு ‘அந்தமான் நாயக்கர்’ எழுதினார். நிலத்தில் ஊன்றியவர்களின் கதை என்று நாம் நினைத்திருந்த அந்த வரிசை மூன்றாவது நாவலில் கடலைத் தாண்டிவிடுகிறது. அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கரிசல்காரன் சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் திரும்புகிறான். பாண்டியன் ஊர் திரும்பியிருந்தால் எதைப் பார்த்திருப்பான் என்ற கேள்விக்கு, சிங்காரம் எழுதாமல் விட்ட விடையைத் தேட வேண்டிய இடம் அந்த நாவல்தான்.