கோணமலைக் கோட்டையும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

பழைய நாணயம் சேர்ப்போரை நாம் அறிவோம். தபால்தலை சேர்ப்போர் ஊருக்கு நாலுபேர் உண்டு. போர்ப் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர் நம்மிடையே மிக அரிது. ஆனால், திருகோணமலை போல அந்நியப் படைகள் மாறிமாறி வந்து இறங்கிய ஒரு துறைமுகத்தின் கதையைச் சொல்ல, உள்ளங்கையளவான அந்த உலோகத் துண்டுகளும் உதவும், அன்பர்களே.

1795 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் படையை ஏற்றிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னையிலிருந்து இங்கு வந்தன. வந்த வேகத்திலேயே 'டயோமிட்' என்ற போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஆனாலும் முற்றுகை நிற்கவில்லை. பீரங்கிகள் முழங்கின, மதிலில் உடைப்பு விழுந்தது, ஓகஸ்ட் 26 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கையளித்தனர். உட்துறைமுகத்தைக் காத்துநின்ற ஒஸ்ரன்பேர்க் கோட்டை சில நாட்களில் பணிந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தது.

இந்தப் போருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. அதற்கான உத்தரவு 1807 ஆம் ஆண்டில்தான் பிறந்தது! பன்னிரண்டு ஆண்டுத் தாமதம். அதில் இராசாவின் தலை இல்லை, சிங்கமோ யானையோ இல்லை. வெறும் எழுத்து மாத்திரம். ஒரு பக்கத்தில் இலங்கைத் தீவில் ஆற்றிய சேவைக்காக என்றும் 1795/6 என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். மறுபக்கம் பாரசீகம், அங்கே ஆண்டு ஹிஜ்ரி 1209-10. கம்பெனியின் வங்காள ஆட்சியில் அலுவல் மொழி பாரசீகமாக இருந்ததே காரணம். தமிழர் கடற்கரையில் நடந்த போரின் நினைவுச் சின்னத்தில் தமிழுக்கு மாத்திரம் இடமில்லை.

அடிக்கப்பட்டவை பொன்னில் 2, வெள்ளியில் 121. கடல் கடந்து வரத் தாமாக முன்வந்த வங்காளப் பீரங்கிப் படையினருக்கே அவை சென்றன. கோட்டையைப் பிடிப்பதில் பெரும் பங்கு சென்னைப் படையின் சிப்பாய்களுடையது. அவர்களிற் பலர் நம் மொழி பேசியவர்கள். அவர்களுக்குப் பதக்கம் இல்லை. பின்னாளில் பிரித்தானிய அரசு பழைய போர்களுக்கெல்லாம் பதக்கம் வழங்கியபோதும் 1795 இன் இலங்கைப் போர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே ஒரு பதக்கம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்ற கேள்விதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

பதக்கம் சேர்ப்போர் முதலிற் பார்ப்பது முகத்தை அல்ல, விளிம்பை. முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பில் வீரனின் இலக்கம், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு லண்டன் ஆவணக்காப்பகத்திலுள்ள பதக்கப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கிருந்து அவன் வாழ்வுக்குள் நுழையலாம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா இந்தப் பெயர் பொறிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அவுஸ்திரேலியா கைவிடவில்லை.

இதன் விளைவை நம் கடலிலேயே காணலாம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எச்சரிக்கை கிடைத்து, முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும், துணைக்குப் போன 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மாண்டவர்கள் முந்நூறுக்கு மேல். வம்பயரில் இறந்தோர் பத்துக்கும் குறைவு. வம்பயர் மாலுமியின் நட்சத்திரப் பதக்கம் இன்று எந்தச் சந்தையிற் கிடந்தாலும் அவன் பெயரைச் சொல்லிவிடும். ஹேர்மிஸ் மாலுமியினது சொல்லாது. போர் முடிந்தபின் சிறிய அட்டைப் பெட்டியில் தபாலில் வந்து சேர்ந்த அந்தப் பதக்கங்களோடு வந்த கடிதத்துண்டும் பெட்டியின் மேல்விலாசமும்தான் ஒரே சாட்சி. பெட்டியை எறிந்தால் ஆள் தொலைந்தான்.

நம்மவர் வீடுகளிலும் இப்படிப்பட்டவை இருக்கக்கூடும். கடற்படைத் தளத்தில், பீரங்கி மேடைகளில், துறைமுகத்தில் உழைத்த தலைமுறை அது. பாட்டனின் பெட்டிக்குள் வெண்கல நிற நட்சத்திரம் ஒன்று கிடைத்தால் புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். பழுப்பு நிறம் அழுக்கல்ல, அதன் வயது. வெள்ளியாயின் உருக்கக் கொடுக்கவேண்டாம். நாடா நைந்திருந்தாலும் கழற்றவேண்டாம்; எந்தப் போருக்குரியது என்பதை அதன் நிறக்கோடுகளே சொல்லும். பர்மா நட்சத்திரத்தின் நடுவிலுள்ள அகன்ற சிவப்பையும் இருபுறத்து நீலத்தையும் பார்த்தவுடனேயே இனங்காணலாம். பல பதக்கங்கள் ஒன்றாகக் கிடந்தால் பிரித்து விற்காதீர்கள். எந்தெந்தப் பதக்கம் எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதிலிருந்தே ஒரு மனிதன் போன இடங்களை ஊகிக்க முடியும். அதைவிட முதலிற் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஒரு துண்டுத் தாளை எடுத்து, இது யாருடையது, எங்கே வேலை செய்தார், யார் சொன்னார் என்று எழுதி, பதக்கத்தோடு அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.