சட்டசபை வாசலில் வைத்தியர்கள், மலையடிவாரத்தில் நோயாளிகள்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 ஆம் ஆண்டில். அதற்கு முன்னரும் பின்னரும் பசறை, மடூல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கடுமையாக நோயுற்றவரைக் கம்பளியில் கிடத்தி, கழியில் கட்டி, இருவர் தோளில் சுமந்தே மலையிறக்கினார்கள். இத்தனைக்கும், தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்க வேண்டும் என்ற கட்டளைச்சட்டம் 1872 இலேயே பிறந்துவிட்டது. சட்டம் மலையேறியது, வைத்தியர் ஏறினாரா என்பதே கேள்வி.

அந்தச் சட்டத்தின் பின்னணியில் ஒரு வைத்தியரின் பேனாவும் இருந்தது. 1860 களின் இறுதியில் கம்பளை அரசினர் வைத்தியசாலையில் கடமையாற்றிய வான் டோர்ட் என்ற பறங்கிய வைத்தியர், கோப்பித் தோட்டங்களிலிருந்து தம்மிடம் வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரின் நிலையையும் மரணங்களையும் அறிக்கையாக எழுதினார். அவர் மேடையேறவில்லை, தாம் கண்டதை அரசின் பார்வைக்கு வைத்தார். 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1872 இல் கோப்பிப் பிரதேசங்கள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கு தோட்டங்களின் மீது விழுந்தது.

வைத்தியர்கள் சட்டசபையை அறியாதவர்கள் அல்லர். பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1887 இல் தோன்றியது. 1898 இல் தமிழர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர் டபிள்யூ. ஜி. ரொக்வூட் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1911 இல் படித்த இலங்கையருக்கெனத் தரப்பட்ட ஒரே ஆசனத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை எதிர்த்து நின்றவரும் வைத்தியரே: மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதன் வென்றார். நாட்டுப்புற ஐரோப்பியருக்கு, அதாவது பெரும்பாலும் தோட்டத்துரைமாருக்கு, அச்சபையில் தனி ஆசனம் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கோ வாக்குமில்லை, ஆசனமுமில்லை.

மறு ஆண்டே, 1912 இல், வைத்திய வசதிச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் ஓய்வும் அளித்தல் யாவும் தோட்ட நிர்வாகியின் கடமைகளாக எழுதப்பட்டன. நல்ல வாசகங்கள்தாம். ஆனால் நோயைக் கண்டுகொள்ள வேண்டியவரும், பணம் செலவழிக்க வேண்டியவரும், பிரட்டுக்களத்தில் வேலை வாங்கியவரும் ஒருவரே. இதில் அமைந்த முரண்பாட்டை விளக்கத் தேவையில்லை.

1927 ஆம் ஆண்டின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விநோதம் தென்படும். 26 ஆம் இலக்கம் மருத்துவக் கட்டளைச்சட்டம். வைத்தியராகப் பதிவு பெறத் தகுதியுடையவர் யார் என்பதை வரையறுத்தது. இன்றும் திருத்தங்களோடு அத்தொழிலுக்கு அரணாக நிற்பது அதுவே. அடுத்த 27 ஆம் இலக்கம் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம். பக்கம் பக்கமாக நின்ற இரு சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவேயில்லை. தோட்டங்களில் அன்றாடம் மருந்து கொடுத்தவர் பெரும்பாலும் பதிவு பெற்ற வைத்தியர் அல்லர். நிர்வாகத்தின் ஊதியம் பெற்ற டிஸ்பென்சரே. மக்களுக்கு அவர்தான் 'டாக்டர் ஐயா'.

1947 இல் பதுளை, இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையொட்டிய தேர்தல் திருத்தமும் அந்தக் கதவை அடைத்தன. 1952 இல் மலையகத் தமிழர் ஒருவரும் வெல்லவில்லை. நாடெங்கும் இலவச சுகாதாரம் வேரூன்றிய அந்த ஆண்டுகளில், தோட்ட ஆஸ்பத்திரி கம்பனியின் பொறுப்பாகவே கிடந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அரசு சிறிது சிறிதாக உள்ளே வந்தது. தொண்ணூறுகளில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவும் முழுமை பெறவில்லை.

வைத்தியர்கள் தம் தொழிலுக்காகச் சட்டம் கேட்பது தவறன்று. பதிவும் தரமும் இல்லாவிடில் நோயாளிக்கே கேடு. ஆயினும், வாக்கற்ற மக்களுக்குச் சபையில் வேறு நா இல்லாதபோது, அவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தவரின் சாட்சியம்தான் எஞ்சுகிறது. வான் டோர்ட் செய்தது அதுவே. இன்று வாக்கு இருக்கிறது. எனினும் பதுளையின் வார்டுகளில் இரத்தசோகையையும் எடை குறைந்த சிசுக்களையும் காணும் இளம் வைத்தியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: உங்கள் சங்கத்தின் அடுத்த மகஜரில், சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் கீழே, லயத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.